அலுவலகத்தின் உக்கிராணம்

ஓர் அலுவலகம் எதனால் நடைபெறுகிறது? அதிகாரியின் ஆணையால் என்பர் சிலர். எழுத்தர்களின் உழைப்பால் என்பர் சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும் ஆணையை எழுதத் தாள் வேண்டும். அச்சிட மை வேண்டும். எழுதியவற்றைச் சேர்த்துக் கட்ட நாடா வேண்டும். முத்திரை குத்த ஸ்டாம்பு மை வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையேல், மற்ற யாவும் இருந்தும் வேலை நின்றுவிடும். ஒரு சான்றிதழுக்காக நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்த ஏழை ஒருவர், "தாள் இல்லை, நாளை வாருங்கள்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிச் செல்வார். அலுவலகத்தில் இல்லாமற் போனது ஒரு தாள். அவருக்கு இல்லாமற் போனதோ ஒரு நாட் கூலி.

பொருள்களை வரவழைத்தல், வைத்துக் காத்தல், வழங்குதல் ஆகிய வேலையைக் கடைநிலை வேலை என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. தேர்வில் அதைப்பற்றிக் கேள்வி வருவதில்லை. ஆனால் நாளை நம்மில் பெரும்பாலோர் ஏதேனும் ஓர் அலுவலகத்திலோ, பள்ளியிலோ, ஆய்வுக்கூடத்திலோ, தொழிற்சாலையிலோ அமரப் போகிறவர்கள். அன்று நம் மேசைக்கு வரும் முதற் பொறுப்புகளுள் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும்.

சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி வந்து, சாமராஜநகரில் வேதியியல் முதுகலை பயிலும் எனக்கு, ஆய்வுக்கூடத்தின் பொருள் அறையில் இரண்டு பருவங்கள் பதிவேடு எழுதும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கண்டதும், பின்னர்ப் படித்தறிந்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை. இவ்வேலை வெறும் எடுபிடி வேலையன்று. கணக்கும் அறிவியலும் மனச்சான்றும் கலந்த ஒரு கலை என்பதை நண்பர்கள் உணரவேண்டும் என்பதே என் விருப்பம்.

மூன்று கேள்விகள்

நம் ஊர்த் திருமண வீடுகளில் உக்கிராண அறை என்று ஓர் அறை இருக்கும். வீட்டாரின் முழு நம்பிக்கைக்கு உரிய பெரியவர் ஒருவர் அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாயிலில் அமர்ந்திருப்பார். சமையற்காரர் கேட்கும் பொருளை அளந்து கொடுப்பார். காலைப் பந்தி நடக்கும்போதே இரவுப் பந்திக்கு அரிசி போதுமா என்று அவர் மனம் கணக்கிடும். மூட்டை தீர்ந்த பிறகு கடைக்கு ஆள் அனுப்புகிறவர் நல்ல உக்கிராணக்காரர் அல்லர். தீருமுன் அனுப்புகிறவரே நல்லவர். கன்னடத்திலும் இவ்வறைக்கு 'உக்ராண' என்றே பெயர். இருமொழியாரும் ஒரே சொல்லால் வழங்கும் இவ்வறையே இன்றைய பண்டகசாலையின் தாய் எனலாம்.

அந்தப் பெரியவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. எதை வாங்குவது? எவ்வளவு வாங்குவது? எப்போது வாங்குவது? இம்மூன்றுக்கும் சரியான விடை காண்பவரே பொருள் மேலாண்மையில் தேர்ந்தவர். இவற்றுள் கடைசிக் கேள்வியே மிகக் கடினமானது. அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

எப்போது வாங்குவது?

ஒரு துறை அலுவலகத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அங்கே நாளொன்றுக்குச் சராசரியாக 2 ரீம் தாள் செலவாகிறது. தாள் வேண்டுமென்று எழுதியனுப்பிய நாளிலிருந்து அது வந்து சேரச் சராசரியாக 6 வேலை நாட்கள் ஆகின்றன. இந்த இடைக்காலத்தை 'வரவுக்காலம்' என்று அழைப்போம். வரவுக்காலத்தில் செலவாகும் தாள் 2 × 6 = 12 ரீம். ஆகவே கையிருப்பு 12 ரீமாகக் குறையும்போது ஆணை அனுப்பிவிட்டால் போதும் என்று தோன்றும் அல்லவா?

போதாது. சராசரி என்பது பாதி நாட்களில் பொய்க்கும் எண். தேர்வுக் காலத்தில் நாளொன்றுக்கு 3 ரீம் செலவாகலாம். இடையில் விடுமுறை விழுந்தால் 6 நாள் 9 நாளாகலாம். இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் தேவை 3 × 9 = 27 ரீம். இந்த 27-க்கும் முன்னைய 12-க்கும் உள்ள வேறுபாடாகிய 15 ரீமை எப்போதும் ஒதுக்காக வைத்திருக்க வேண்டும். அதற்குப் 'பாதுகாப்புக் கையிருப்பு' என்று பெயர். எனவே இருப்பு 27 ரீமைத் தொட்டவுடன் ஆணை அனுப்பவேண்டும். இந்த 27 என்ற எண்ணே 'மறு ஆணை மட்டம்' ஆகும். அலமாரியில் 27-ஆவது ரீமின்மேல் ஒரு சிவப்பு அட்டையை வைத்துவிடுங்கள். மேலிருந்து எடுத்துக்கொண்டே வருபவர் கையில் அந்த அட்டை தட்டுப்பட்டால், அன்றே கடிதம் எழுதவேண்டும் என்பது பொருள். இதற்குக் கணிப்பொறியும் வேண்டா, பெரும்படிப்பும் வேண்டா.

சாமராஜநகரில் வாழும் நமக்கு வரவுக்காலத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வரும் இருப்புப்பாதை இவ்வூரோடு முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூரே நம் பெரிய சந்தை. அங்கே இல்லாத பொருள் பெங்களூரிலிருந்து வரவேண்டும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வரும் பொருளோ திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரவேண்டும். புலிகள் காப்பகத்தின் நடுவே செல்லும் அப்பாதையில், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2022 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. மாலையில் அடிவாரம் வந்து நின்ற லாரி மறுநாட் காலைதான் மலையேறும். காட்டு விலங்குகளின் உயிரைக் காக்கும் அத்தடை நியாயமானதே. ஆனால் தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் அளப்பவர் இந்த ஓர் இரவை மறந்துவிடுவார். வரவுக்காலம் என்பது சாலையின் நீளம் அன்று. கடிதம் கையொப்பமாகும் நாள், விலைப்புள்ளி கேட்கும் நாள், கடைக்காரர் பொருள் திரட்டும் நாள், லாரி காத்துக் கிடக்கும் இரவு ஆகிய யாவும் சேர்ந்த கூட்டுத்தொகை அது. ஒவ்வொரு முறையும் ஆணை சென்ற நாளையும் பொருள் வந்த நாளையும் குறித்து வைத்தால், ஓராண்டில் நம் ஊருக்குரிய உண்மையான வரவுக்காலம் தெரிந்துவிடும்.

எவ்வளவு வாங்குவது?

ஒரே முறையில் ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கி அடுக்கிவிட்டால் கவலையில்லையே என்று சிலர் கேட்கலாம். அடிக்கடி சிறிது சிறிதாக வாங்கினால் இடம் அடைபடாதே என்று வேறு சிலர் கேட்கலாம். இரு பக்கத்தும் நியாயம் உண்டு. இரு பக்கத்தும் செலவும் உண்டு.

ஆணை அனுப்பும் ஒவ்வொரு முறையும் கடிதம், போக்குவரத்து, இறக்குகூலி, சரிபார்க்கும் நேரம் என்று ஒரு செலவு உண்டு. வாங்கி வைத்த பொருளுக்கோ முடங்கிய பணம், இடம், ஈரம், எலி, கறையான், களவு என்று வேறொரு செலவு உண்டு. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று ஏறும். இரண்டும் சேர்ந்த மொத்தச் செலவு எங்கே மிகக் குறைவு என்பதை, ஃபோர்டு ஹாரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1913-இல் ஒரு தொழில் இதழில் எழுதிய கட்டுரையில் காட்டினார். ஆண்டுத் தேவையை ஓர் ஆணையின் செலவால் பெருக்கி, அதனை இரட்டித்து, ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். அதுவே சிக்கனமான ஆணை அளவு.

நம் எடுத்துக்காட்டிலேயே பார்ப்போம். ஆண்டில் 250 வேலை நாட்கள் எனில் தேவை 500 ரீம். ஓர் ஆணைக்கு 200 ரூபாய் செலவென்றும், ஒரு ரீமை ஓராண்டு வைத்திருக்க 20 ரூபாய் செலவென்றும் கொள்வோம். 2 × 500 × 200 ÷ 20 = 10,000. இதன் வர்க்கமூலம் 100. எனவே முறைக்கு 100 ரீமாக, ஆண்டில் 5 முறை வாங்குவது சிக்கனம். அப்போது ஆணைச் செலவு 1,000 ரூபாய். சராசரியாக 50 ரீம் கிடங்கில் இருக்குமாதலால் இருப்புச் செலவும் 1,000 ரூபாய். ஆக 2,000 ரூபாய். 50 ரீமாக வாங்கினால் மொத்தம் 2,500 ரூபாயாகும். 250 ரீமாக வாங்கினால் 2,900 ரூபாயாகும். ஆண்டு முழுமைக்கும் ஒரே முறையில் வாங்கினால் 5,200 ரூபாயாகும்! ஒதுக்காக வைத்த 15 ரீமின் செலவு எல்லா முறைக்கும் பொது. ஆதலால் அதனை இங்கே சேர்க்கவில்லை.

இக்கணக்கில் இன்னொரு நயமும் உண்டு. 80 ரீமாக வாங்கினாலும் 125 ரீமாக வாங்கினாலும் மொத்தச் செலவு 2,050 ரூபாய்தான். அடிப்பகுதியில் இவ்வளைகோடு கிண்ணத்தின் அடியைப்போலத் தட்டையாக இருக்கிறது. ஆதலால் பெட்டிக் கணக்குக்குத் தக்கவாறு சற்றுக் கூட்டியோ குறைத்தோ வாங்குவதால் குடி மூழ்கிவிடாது. மிகவும் விலகிச் செல்வதுதான் தவறு.

இடத்தின் கணக்கையும் மறக்கலாகாது. 75 கிராம் வகை ஏ-4 தாள் ஒரு ரீம் ஏறக்குறைய 2.3 கிலோ எடையுள்ளது. 100 ரீம் என்றால் 230 கிலோவுக்கு மேல். அதனை ஒரு பழைய மரப் பலகைமேல் ஏற்றினால் பலகை வளையும். தரையில் சுவரோரம் வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும். ஈரமேறிய தாள் அச்சுப்பொறியில் சுருண்டு சிக்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரைத் தொடாமல், பிரிக்காத பொட்டலங்களாக அடுக்குவதே முறை.

எதை வாங்குவது?

ஒரு பண்டகசாலைப் பதிவேட்டில் நூறு பொருள்கள் இருந்தால், அவற்றுள் பத்து இருபது பொருள்களே செலவில் பெரும்பகுதியை விழுங்குவதைக் காணலாம். இத்தாலியப் பொருளியலறிஞர் பரேட்டோ செல்வப் பங்கீட்டில் கண்ட இவ்வகை ஏற்றத்தாழ்வு, பொருள் இருப்புக்கும் பொருந்துவதை உணர்ந்து, 1951-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி என்பார் பொருள்களை ஏ, பி, சி என மூவகையாகப் பிரித்தார். அலுவலகத்தில் தாளும் அச்சுப்பொறியின் டோனரும் ஏ வகை. இவற்றை வாரந்தோறும் எண்ணவேண்டும். குண்டூசியும் ரப்பர் வளையமும் சி வகை. இவற்றை ஆண்டுக்கு இருமுறை மொத்தமாக வாங்கிவிடலாம். குண்டூசியை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு டோனரை எண்ண நேரமிராது.

ஆனால் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு பொருள் இல்லாதபோது என்ன கெடும் என்பதையும் பார்க்கவேண்டும். ஆகவே மருத்துவமனைகளில், 'இல்லையேல் உயிர் போகும்', 'இல்லையேல் வேலை கெடும்', 'இருந்தால் நலம்' என்று இன்னொரு மூவகைப் பாகுபாட்டையும் வைத்துக்கொள்கின்றனர். நம் ஆய்வுக்கூடத்தில் கண் கழுவும் நீர்க்குப்பியின் விலை சிறிது. ஆனால் அமிலம் தெறித்த கணத்தில் அதற்கு ஈடு வேறொன்றில்லை. விடைத்தாள் கட்டும் நூல் மலிவானது. தேர்வு நாளன்று அது இல்லையென்றால் தேர்வுக்கூடமே தவிக்கும். விலை மலிவானாலும் விளைவு பெரிதானால், அப்பொருளுக்கு ஒதுக்கு மிகுதியாக இருக்கவேண்டும்.

மற்றொரு பக்கம், விலையுயர்ந்ததென்றும் அரியதென்றும் எண்ணிப் பதுக்குவதும் பிழை. டோனர் குறிப்பிட்ட அச்சுப்பொறிக்கே பொருந்துவது. அப்பொறி பழுதாகிக் கழிக்கப்பட்டால், அலமாரியில் அடுக்கிய டோனர்கள் மறுநாளே செத்த சரக்காகிவிடும். மார்ச்சு மாதத்தில் இத்தவறு எங்கும் பெருகுகிறது. நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டும் என்ற பரபரப்பில், வேண்டியதும் வேண்டாததும் வந்து குவிகின்றன. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஓராண்டுக்கு விலை ஒப்பந்தம் செய்துகொண்டு, பொருளை மட்டும் தவணை தவணையாகப் பெறுவது இதற்கு நல்ல மாற்று.

மைசூர் தந்த பாடம்

எதை, எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் ஒன்றாகக் கூடிவரும் ஓர் எடுத்துக்காட்டு நம் அருகிலேயே உள்ளது. வாக்களித்தவர் விரலில் இடும் அழியா மை மைசூரில் செய்யப்படுகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல் அரக்கு, வண்ணத் தொழிற்சாலையாகத் தொடங்கப்பெற்று, இன்று மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்ற பெயரில் கர்நாடக அரசின் நிறுவனமாக விளங்கும் ஆலையே, 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் இம்மையை வழங்கி வருகிறது. அம்மையின் உயிர்நாடி வெள்ளி நைட்ரேட்டு. ஆய்வுக்கூடத்தில் குளோரைடை அளக்கும்போது நம் விரல்களைக் கறுப்பாக்கும் அதே உப்புத்தான்!

வாக்குப்பதிவு நாள் யாருக்காகவும் காத்திராது. மை ஒரு நாள் பிந்தினாலும் பயனில்லை. 10 மில்லிலிட்டர்க் குப்பி ஒன்று ஏறத்தாழ 700 பேருக்குப் போதும் என்பர். 2024-இல் இருந்த வரம்பின்படி ஒரு வாக்குச்சாவடிக்கு மிகப் பெருங்கணக்காக 1,500 வாக்காளர் என்றால், அனைவரும் வருவதில்லை ஆதலால், சாவடிக்கு இரண்டு குப்பிகள். 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் சாவடிகள் ஏறக்குறைய பத்தரை லட்சம். ஆக 21 லட்சம் குப்பிகள் என்று வருகிறது. ஆனால் அனுப்பப்பட்டவை 26 லட்சத்துக்கும் மேல். மிகுந்த அந்த 5 லட்சத்தை வீண் என்று சொல்லலாமா? குப்பி உடையலாம், மை சிந்தலாம், ஓரிடத்தில் கூட்டம் மிகலாம். இவற்றுக்கெல்லாம் இடம்விட்ட கணக்கு அது என்று கொள்வதே பொருத்தம். ஒரு விரலுக்கு ஒரு துளி என்று தொடங்கி, ஒரு நாட்டின் தேவையில் சென்று முடியும் இக்கணக்குக்கும் நம் தாள் கணக்குக்கும் அளவில்தான் வேறுபாடு, முறை ஒன்றே.

பதிவேடும் பழமையும்

எத்தனை சூத்திரம் அறிந்தாலும், கையிருப்பு எவ்வளவு என்று தெரியாதவர்க்கு அவை பயன்படா. ஆகவே எல்லாவற்றுக்கும் அடித்தளம் இருப்புப் பதிவேடு. இங்குள்ள கன்னட நண்பர்கள் கையிருப்பைத் 'தாஸ்தானு' என்பர். பதிவேட்டில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், வரவு, செலவு, மீதி என்று மூன்று கட்டங்கள், பெற்றவர் கையொப்பம். இது பார்ப்பதற்கு எளிது. ஆனால் பலவிடங்களில் பொருள் காலையில் போகிறது; பதிவு மாலையில் நடக்கிறது; சில நாள் நடப்பதேயில்லை. ஏட்டில் 20 இருக்கும். அலமாரியில் 6 இருக்கும். அந்த ஏட்டை நம்பி ஆணை அனுப்பாதிருப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவராவார். ஆதலாற்றான் மைய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பொருள்களை நேரில் எண்ணிச் சரிபார்க்க வேண்டுமென்கின்றன. பெரிய கொள்முதல் ஒன்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மேலிடத்தின் ஒப்புதலைத் தவிர்ப்பதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. பொதுப்பணத்தில் வாங்குவது வெளிப்படையாக இருக்கவேண்டும் என்பதற்காக, 1998-இல் தமிழ்நாடும், 1999-இல் கர்நாடகமும் தனிச் சட்டங்களே இயற்றின. 2016 முதல் அரசு அலுவலகங்கள் கணிப்பொறி வழியே வாங்குவதற்கென்று ஒரு மின்சந்தையும் வந்துவிட்டது. கருவி மாறினாலும் எண்ணிப் பார்க்கும் கடமை மாறவில்லை.

இவையெல்லாம் மேனாட்டார் தந்த புதுமை என்று எண்ணிவிட வேண்டா. கௌடலீயரின் அருத்தசாத்திரத்தில் பண்டகசாலைத் தலைவனுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. வந்த பொருளில் ஒரு பாதியை நாட்டு மக்களின் இடர்க்காலத்துக்கென ஒதுக்கி, மறுபாதியையே பயன்படுத்த வேண்டும் என்றும், புதியதை வைத்துப் பழையதை வெளியே எடுக்கவேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. பாதுகாப்புக் கையிருப்பும், 'முன் வந்தது முன் செல்க' என்ற இன்றைய விதியும் இவையே அல்லவா? பண்டகசாலையில் மழையை அளக்க ஒரு பாத்திரம் வைக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. விளைச்சலை முன்கூட்டி மதிப்பிட்டாலன்றிக் கிடங்கை ஆளமுடியாது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். அதிகாரிகள் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிச் சொன்னதும் அந்நூலே!

இந்நூல் நம் கைக்கு வந்த வரலாறு நமக்கு உவகை தருவது. நெடுங்காலம் மறைந்து கிடந்த இதன் கிரந்த எழுத்து ஏட்டுச்சுவடியைத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். அங்கு நூலகராயிருந்த சாம சாஸ்திரியார் அதன் அருமையை அறிந்து 1905-இல் உலகுக்கு அறிவித்து, 1909-இல் பதிப்பித்தார். 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். தஞ்சையில் காக்கப்பட்டது மைசூரில் அச்சேறியது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கன்னட மண்ணில் கல்வி பெறும் நமக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி வேறு உண்டோ? காக்கும் கை ஒன்று, வழங்கும் கை ஒன்று. பண்டகசாலையின் இலக்கணமும் அதுதானே!

இரண்டும் இரண்டும் நான்கு

இனி, மனத்துயரோடு ஒன்றைச் சொல்லவேண்டும். 2021 மே 2-ஆம் நாள் இரவிலும் 3-ஆம் நாளிலும், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, நம் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 நோயாளிகள் உயிரிழந்தனர். ஆக்சிஜன் உருளைகள் மைசூரிலிருந்து வரவேண்டியிருந்தது. அந்த இரவில் அவை வேண்டுமளவு வரவில்லை. எத்தனை பேர் ஆக்சிஜன் குறைவால் இறந்தனர் என்பதில் முதலில் வேறு வேறு கணக்குகள் கூறப்பட்டன. பின்னர், கர்நாடக உயர்நீதிமன்றம் அமைத்த குழு ஆக்சிஜன் பற்றாக்குறையையே காரணமாகச் சுட்டியது. யார் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. அந்தத் துயரம் கற்பிக்கும் கணக்கை நாம் கற்காமல் விட்டால், அதுவே குற்றமாகும்.

மறு ஆணை மட்டம் என்பது நாட்செலவையும் வரவுக்காலத்தையும் பெருக்கி வருவது என்று கண்டோம். அமைதிக் காலத்தில் இவ்விரண்டும் தனித்தனியே சிறிது ஏறும், சிறிது இறங்கும். நெருக்கடிக் காலத்திலோ இரண்டும் ஒருங்கே ஏறுகின்றன. நோயாளிகள் பெருகுவதால் நாட்செலவு இரட்டிக்கிறது. எல்லா மாவட்டங்களும் அதே ஆலைகளிடம் கேட்பதால் வரவுக்காலமும் இரட்டிக்கிறது. அப்போது வேண்டிய மட்டம் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு! நம் தாள் கணக்கில் 2 × 6 = 12 என்றிருந்தது 4 × 12 = 48 ஆகிவிடும். பழைய சிவப்பு அட்டையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர், அட்டை தென்படுமுன்பே தோற்றுவிட்டார். தாளானால் ஒரு நாள் வேலை நிற்கும். ஆக்சிஜனானால் மூச்சு நிற்கும். ஆகவே நெருக்கடியில் மட்டத்தை நாள்தோறும், சிலபோது மணிதோறும், புதிதாகக் கணக்கிடவேண்டும். "இன்னும் இருக்கிறது" என்று சொல்வது போதாது. "இன்னும் எத்தனை மணிக்கு இருக்கிறது" என்று சொல்லவேண்டும். குறைகிறது என்ற செய்தியை மேலிடத்துக்கு முதலிலேயே சொல்லும் துணிவும், அச்செய்தியைச் சினவாது கேட்கும் பண்பும் வேண்டும்.

ஓரிடத்தில் குறைவும் மற்றோரிடத்தில் மிகுதியும் ஒரே நேரத்தில் இருப்பது எங்கும் காணும் காட்சி. இதற்குத் தமிழ்நாடு ஒரு வழி கண்டது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் ஒருங்கே வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம் போன்ற ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்தது. தமக்குரிய தொகைக்குள், தமக்கு வேண்டிய மருந்தை, வேண்டிய அளவில் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கிடங்குகளின் இருப்பைக் கணிப்பொறி வழியே சென்னையிலிருந்து காணமுடிந்ததால், மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மாற்றவும் முடிந்தது. பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றலாயின. வாங்குவது ஓரிடத்தில், தேர்ந்தெடுப்பது பயன்படுத்துவோரிடத்தில், பார்வை எல்லாவிடத்தும் என்பதே இதன் நுட்பம்.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, இவற்றைப் பெரிய பதவிக்கு வந்த பின்னர்தான் செய்யவேண்டும் என்பதில்லை. நம் மன்றத்தின் அலமாரியிலேயே தொடங்கலாம். விழாவுக்கு வாங்கிய தாள், மை, பசை, துணி, நாற்காலி அட்டை யாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவோம். எடுப்பவர் எடுக்கும்போதே எழுதட்டும். மாதத்தில் ஒரு நாள் ஏட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒப்பிடுபவர் பதிவேடு எழுதியவராக இருத்தலாகாது; வேறொருவராக இருக்கட்டும். பொருள் வந்த நாளை அட்டைப் பெட்டியின்மேல் எழுதி, பழையதை முன்னும் புதியதைப் பின்னும் வைப்போம். இன்றியமையாப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு அட்டை இடுவோம். விழாவோ தேர்வோ நெருங்கும்போது அந்த அட்டையை மேலே உயர்த்துவோம்.

பொருளைச் சிக்கனமாகச் செலவிடுவது வேறு. பொருளைக் கொடாமல் இறுக்குவது வேறு. கேட்பவரை இரவலரைப்போல நடத்தும் பண்டகசாலையில், ஒவ்வொருவரும் தம் மேசை இழுப்பறையில் இரகசியமாகச் சேமிக்கத் தொடங்குவர். அப்போது எந்தப் பதிவேடும் உண்மை பேசாது. கேட்டது தடையின்றிக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்குமிடத்தில்தான் மனிதர் தேவைக்கு மேல் எடுப்பதில்லை.

நாட்டைக் காப்பவர் எல்லையில் நிற்கும் வீரர் மட்டும் அல்லர். கிடங்கின் வாயிலில் கையில் ஏடும் எழுதுகோலுமாய் நின்று, இருப்பதை உள்ளபடி எண்ணி, தீருமுன் கேட்டு, வந்ததை ஒழுங்காய் வைத்து, வேண்டியவர்க்கு வேண்டிய நேரத்தில் வழங்குபவரும் நாட்டைக் காப்பவரே. நாளை நம் கைக்கு அந்தச் சாவி வரும்போது, அதனை அடிமை வேலை என்று வெறுக்காமல், நம்பிக்கையின் அடையாளம் என்று போற்றிப் பெற்றுக்கொள்வோமாக!